கொப்பியில் தெரியாத பாடம்



பாலர் பாடசாலை விட்டுப் பிள்ளை வீட்டு வாசலில் கால் வைத்ததும் நம்மில் அநேகர் கேட்கும் முதற் கேள்வி என்ன? "இண்டைக்கு டீச்சர் என்ன எழுதத் தந்தா?" என்பதுதானே. பையைத் திறந்து கொப்பியைப் புரட்டுகிறோம். பக்கம் நிறைந்திருந்தால் மனம் குளிர்கிறது. வெறுமையாக இருந்தால், "விளையாடுறத்துக்கா காசு கட்டி அனுப்புற?" என்று முகம் சுருங்குகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதுகிறது என்று கேள்விப்பட்டால், பாடசாலையை மாற்றவும் யோசிக்கிறோம்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நமது கரையோர ஊர்களில் முன்பள்ளிகளுக்குக் குறைவில்லை. சொற்பக் கொடுப்பனவுக்கு அங்கு படிப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளே. பயிற்சியின்போது விளையாட்டின் அருமையை அவர்கள் கற்றிருப்பார்கள். ஆனால் தாய்மாருக்குக் காட்டக் கொப்பி வேண்டுமே! பிள்ளைகள் குறைந்துவிடுவார்களோ என்ற பயத்தில் களிமண்ணை ஒதுக்கிவிட்டுப் பென்சிலைக் கொடுக்கிறார்கள். குற்றம் அவர்களுடையது மட்டுமா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

நாம் பலகையில் எழுதி மாட்டும் 'மொண்டிசோரி' என்ற பெயர் இத்தாலியப் பெண் வைத்தியர் மரியா மொண்டிசோரியுடையது. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் அவர் தமது முதற் பள்ளியைத் தொடங்கினார். மேசையை ஒழுங்குபடுத்துவது, உணவு பரிமாறுவது, இடத்தைத் துப்புரவாக்குவது எல்லாம் அங்கு பிள்ளைகளின் வேலைகள். 1944இல் அவர் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். பெயரை வைத்துக்கொண்ட நாம் அவரது வழியையும் வைத்துக்கொண்டோமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1999இல் நாடு முழுவதும் தரம் ஒன்றில் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம், முதல் இரண்டு வகுப்புகளிலும் விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தது. அடுத்து செயற்பாடு. எழுத்து வேலைக்குக் குறைந்தளவு இடமே. ஆறு வயதுப் பிள்ளைக்கே இப்படியென்றால், நான்கு வயதுப் பிள்ளையை நாம் ஏன் விரட்டுகிறோம்?

பிறக்கும்போது மணிக்கட்டின் சிறு எலும்புகள் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகக் கடினமாவதற்குப் பல வருடங்கள் எடுக்கும். மண் பிசையும் கை, மணி கோர்க்கும் விரல், சிரட்டையில் சோறாக்கும் விளையாட்டு எல்லாம் பிற்காலத்தில் பென்சில் பிடிப்பதற்கான பயிற்சிகளே.

சேர்ந்து விளையாடுவதையும் பிள்ளை படிப்படியாகத்தான் பழகுகிறது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் இதை விளக்கி எழுதினார். தனியே விளையாடுவது, மற்றவர் விளையாடுவதைப் பார்த்து நிற்பது, பக்கத்தில் இருந்தும் தன்பாட்டில் விளையாடுவது, பிறகு பொருட்களை வாங்கிக் கொடுத்து விளையாடுவது, கடைசியில் ஒரே நோக்கத்தோடு கூட்டாக விளையாடுவது. ஆகவே இரண்டரை வயது மகன் யாரோடும் சேரவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. காலமும் கூட்டாளிகளும் கிடைத்தால் அவனும் சேர்ந்துகொள்வான்.

கரைவலை இழுப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எவ்வளவு பலசாலியானாலும் ஒருவரால் அது முடியாது. அதே பாடத்தை ஒரு பழைய படுக்கை விரிப்பால் படிப்பிக்கலாம். ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று ஓரத்தைப் பிடிக்க, நடுவில் ஒரு பந்து. உயர்த்தலாம், தாழ்த்தலாம், பந்து விழக் கூடாது. ஒரு பிள்ளை கையை விட்டால் எல்லாருடைய பந்தும் விழுந்துவிடும். சிரட்டைக் கோபுரம் இன்னொன்று. ஆளுக்கு மூன்று சிரட்டை கொடுங்கள். எல்லாரும் தங்கள் முறைக்குக் காத்திருந்து வைத்தால்தான் கோபுரம் உயரும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஒரு குழு பெரிது சிறிதாகப் பிரிக்க, மற்றக் குழு எண்ணட்டும். கணக்கும் வரும், பொறுமையும் வரும்.

சண்டையும் வரத்தான் செய்யும். வந்தவுடனே நாம் நீதிபதியாகிவிடக் கூடாது. "வாளி ஒண்டுதான் இரிக்கி, நீங்க ரெண்டு பேர். என்ன செய்வம்?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அவர்களே ஒரு வழி சொல்வார்கள்.

இந்தப் பாடம் நமது மாகாணத்துக்கு எவ்வளவு தேவை என்பதை மட்டக்களப்பு காட்டியிருக்கிறது. யுத்தம் நடந்த காலத்தில், 1996இல், அங்கு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். யுத்தத்தின் காயங்களைச் சுமந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். ஊர்கள் அடுத்தடுத்து இருந்தும் ஒருவரையொருவர் அறியாமல் வளரும் நமது பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு முற்றம் வேண்டாமா?

சகோதரிகளே, எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அதன் பருவத்தில் வரும், இன்ஷா அல்லாஹ். வீட்டில் ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது காக்கா தண்ணீர் ஊற்றட்டும், தங்கச்சி உருண்டை பிடிக்கட்டும். ஆண் பிள்ளைக்கு இது எதற்கு என்று விலக்கிவிடாதீர்கள். நாளைக்குப் பாடசாலை விட்டு வந்ததும், "இண்டைக்கு யாரோட விளையாடின? யாருக்கு உதவி செஞ்ச?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை டீச்சரைக் காணும்போது, "பிள்ளைகள் நல்லா விளையாடட்டும், டீச்சர்" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். களிமண்ணைத் திரும்ப எடுக்க அந்தத் தைரியம் அவருக்குப் போதும்.