ஸ்டியரிங்கை வீட்டில் கழற்றலாமா?

சென்ற கோடை விடுமுறையில் இரண்டு நாட்கள் எங்கள் வீட்டு வண்டியின் முன் சக்கரத்தருகே உட்கார்ந்து கழித்தேன். ஏழு பேர் போகக்கூடிய, பத்து வயதான பெரிய கார் அது. மேடுபள்ளத்தில் போகும்போது முன்பக்கம் 'டக், டக்' என்று தட்டியது. நேரான சாலையிலும் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தேய்ந்துபோன டை ராடு எண்டுகளை நானே மாற்றுவது என்று தீர்மானித்தேன். "பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் மட்டும் கை வைக்காதீர்கள், சார்" என்றார் ஒரு நண்பர். "கைபேசியில் காணொளி பார்த்தால் எல்லாம் வந்துவிடும்" என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் பாதிதான் சரி என்பது என் கருத்து.

முதலில் டை ராடு எண்டு என்றால் என்ன என்று பார்ப்போம். ஸ்டியரிங்கைச் சுற்றும்போது அதன் அடியிலுள்ள சிறு பற்சக்கரம், பற்கள் வெட்டிய ஒரு நீண்ட தண்டை இடமும் வலமும் நகர்த்துகிறது. அத்தண்டின் இரு முனைகளிலிருந்தும் டை ராடு என்னும் கம்பிகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. சக்கரம் குழியில் இறங்கி ஏறும், பக்கவாட்டிலும் திரும்பும். ஆகவே கம்பியின் முனையில் நமது தோள் மூட்டைப் போன்ற ஒரு பந்துக்கிண்ண மூட்டு தேவை. அதுதான் டை ராடு எண்டு. அதன் மேல் ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் நீரும் மணலும் புகுந்து பந்து தேயும்.

ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் தண்டு சுமார் 50 மி.மீ. நகர்கிறது என்று கொள்வோம். அப்படியானால் மூட்டில் 1 மி.மீ. ஆட்டம் என்பது ஒரு சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு. ஸ்டியரிங் வளையத்தின் சுற்றளவு 120 செ.மீ. எனில், உங்கள் கை 2.4 செ.மீ. நகர்ந்த பிறகே அந்தச் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரும்! நெடுஞ்சாலையில் இது சிறிய விஷயமல்ல. மூட்டு முற்றிலும் கழன்றால் அச்சக்கரம் யார் சொல்லையும் கேட்காது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விதி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு அல்ல. ஒரு முன் சக்கரத்தின்மேல் ஏறக்குறைய 500 கிலோ எடை இருக்கிறது. பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, சமதளத்தில் வண்டியைத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

பழைய மூட்டைக் கழற்றுவதில்தான் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. மூட்டின் தண்டு கூம்பு வடிவமானது. சக்கரத்தின் கையிலுள்ள கூம்புத் துளையில் இறுகி அமர்ந்திருக்கும். கூம்பின் சரிவு மிகக் குறைவாதலால் நட்டைக் கழற்றினாலும் உராய்வே அதைப் பிடித்துக்கொள்ளும். நான் தண்டின் நுனியில் அடித்துப் பார்த்தேன், அசையவில்லை. எங்கள் தெரு மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அங்கே அடித்தால் மரைதான் கெடும். துளையின் பக்கவாட்டில் அடியுங்கள், சார்" என்றார். இரண்டே அடியில் 'டப்' என்று விட்டது. அடியின் அதிர்ச்சியில் துளை கணநேரம் உருமாறுகிறது, பிடி தளர்கிறது. உராய்வைப் பற்றி இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை.

இரண்டாம் பாடம் இன்னும் கசப்பானது. டை ராடு எண்டு, கம்பியின் மரையில் திருகப்பட்டிருக்கிறது. நீங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் திருகு அளவியேதான் இது! புரியிடைத் தூரம் 1.5 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்குக் கம்பியின் நீளம் 1.5 மி.மீ. மாறும். சக்கரத்தின் கை 150 மி.மீ. நீளம் எனில், சக்கரங்களின் நேர்கோடு நூற்றுக்கு ஒன்று விலகும். அதாவது 1 கிலோமீட்டர் ஓட்டத்தில் 10 மீட்டர்! இரு சக்கரங்களும் அதைப் பங்கிட்டுக்கொண்டாலும், ஒவ்வொரு டயரும் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. டயரின் ஓரம் தேயாமல் என்ன செய்யும்?

இது தெரிந்ததால், பழைய மூட்டைக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணினேன்: பதினேழு. புதியதையும் பதினேழு சுற்றுத் திருகினேன். ஓட்டிப் பார்த்தால், நேராகப் போகையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது! ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, பழையதும் புதியதும் ஒரே நீளமா என்று அளந்தீர்களா?" அளந்தோம். புதியது 2 மி.மீ. குட்டை. சுழிப்பிழை பாராமல் அளவெடுத்த மாணவர்களுக்கு நான் எத்தனை முறை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்! அன்றே வண்டியை மெதுவாக வீல் அலைன்மெண்ட் கடைக்குக் கொண்டுபோய்க் கருவியின் துணையால் சரிசெய்துகொண்டேன்.

கடைசியாக நட்டு. கையேட்டில் 45 நியூட்டன்-மீட்டர் என்றிருந்தால், 30 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 150 நியூட்டன் விசை வேண்டும். ஏறத்தாழ 15 கிலோ எடை. இதை டார்க் ரெஞ்ச் கொண்டு அளக்க வேண்டுமே தவிர, கைப்பழக்கத்தை நம்பக் கூடாது. காட்டர் பின்னுக்குரிய துளை நேராக அமையாவிட்டால் நட்டைச் சிறிது கூடுதலாக இறுக்க வேண்டும். ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பின் எப்போதும் புதியதாக இருக்க வேண்டும். சில ரூபாய்க் கம்பித்துண்டுதான். ஆனால் குடும்பமே அதை நம்பிப் பயணம் செய்கிறது.

ஆகவே, ஸ்டியரிங்கை வீட்டில் கழற்றலாமா? கழற்றலாம், அளக்கத் தெரிந்தவர்கள். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத அளவைக் கருவியுள்ளவரிடம் ஒப்படைக்கும் பணிவும் வேண்டும். தைரியம் மட்டும் போதாது; பயம் மட்டும் இருந்தால் எதையும் கற்க முடியாது. ரசீதை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்த காலத்தில் என் வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மெக்கானிக்கின் இரண்டு அடிகளில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதும் தெரியாது.

நண்பர்களே, நீங்கள் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். அது பெரியவர்கள் வேலை. ஆனால் அருகில் நின்று சுற்றுகளை எண்ணுங்கள், நீளத்தை அளந்து சொல்லுங்கள், கேள்வி கேளுங்கள். வண்டி நிற்கும்போது, பெரியவர் ஒருவரிடம் சொல்லிச் சக்கரத்தை முழுதும் திருப்பி வைக்கச் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தியதும் குனிந்து அந்த ரப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்திருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் நீங்களாகவே இருக்கலாம்.