துணியின் மறுபக்கம்

ஐதராபாத்துக்குச் சென்று திரும்புவோரின் கைப்பேசியைத் திறந்தால் வடிவங்களே நிறைந்திருக்கும். 1591இல் எழுந்த சார்மினாரின் வளைவுகள், அதன் அருகே லாட் பஜாரில் அடுக்கடுக்காக மின்னும் அரக்கு வளையல்கள், பாய்கா கல்லறைகளின் சுதைப் பலகணிகள் என்று, ஒன்றே திரும்பத் திரும்ப வரும் அழகைக் கண்ணும் கேமராவும் தாமாகவே நாடுகின்றன. அந்த வரிசையில் ஒரு சேலைக் கடையின் படமும் தவறாமல் இருக்கும். விளிம்பு சற்றே கலங்கினாற்போன்ற சாய்சதுரங்களைக் கொண்ட இக்கத் சேலையின் படம் அது. அதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

அந்தச் சேலையின் தாயகம், நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் போச்சம்பள்ளி. (கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வேறு.) 1951இல் வினோபா பாவேயின் நிலக்கொடை இயக்கம் இவ்வூரில்தான் தொடங்கியது, அதனால் பூதான் போச்சம்பள்ளி என்றும் பெயர்.

அச்சிட்ட சேலையில் துணி முந்தியது, வடிவம் பிந்தியது. இக்கத்தில் இது தலைகீழ். நெய்வதற்கு முன்பே நூலில் வடிவம் ஏறிவிடுகிறது. கணக்கிட்ட இடங்களில் நூற்கற்றையை ரப்பர்ப் பட்டையால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர்; கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்து, வேறு இடங்களில் கட்டி, அடுத்த நிறத்தில் தோய்ப்பர். புள்ளிக் கோலம் இடுவோருக்கு இது எளிதில் விளங்கும்: இழை ஓடத் தொடங்குமுன் முழுக் கோலமும் மனத்தில் இருந்தாக வேண்டும். விளிம்பில் தெரியும் அந்தக் கலங்கல், கட்டுக்கு அடியில் கசிந்த சாயமும் தறியில் மயிரிழை நகர்ந்த நூலும் விட்டுச்செல்லும் தடம். அதைக் குறை என்று ஒதுக்குவோரைக் கண்டால் நமக்கு வியப்பாக இருக்கிறது.

கட்டுவதற்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. அரைவட்டமாக நட்ட முளைகளின்மீது நூலைக் கையால் முன்னும் பின்னும் சுற்றுவது. தெலுங்கில் 'ஆசு' என்பர். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு. ஒரு சேலைக்கே கை ஆயிரக்கணக்கான முறை வீசி மீள வேண்டும். தம் தாய் லட்சுமியின் தோள்வலியைக் கண்டு பொறுக்காத சிந்தகிந்தி மல்லேசம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், 1999இல் இதற்கென ஓர் இயந்திரத்தை உருவாக்கி அதற்குத் தாயின் பெயரையே சூட்டினார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இத்தனையும் கடந்து வரும் வடிவத்தை இன்று யாரும் படமெடுத்து அச்சு இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாம். கலங்கிய விளிம்பைக்கூட அது பிழையின்றிப் பிரதி செய்கிறது! அச்சுத் துணியை நாம் பழிக்கவில்லை. குறைந்த விலையில் அழகை விரும்புவது குற்றமாகாது. அதனை 'இக்கத்' என்று பெயரிட்டு விற்பதைத்தான் ஏற்க இயலவில்லை. போச்சம்பள்ளி இக்கத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மதுரைச் சுங்குடிக்கும் அது இருக்கிறது. ஆயினும் முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடியை இன்று கடைகளில் தேடித்தான் காண வேண்டியுள்ளது, அச்சுச் சுங்குடியோ எங்கும் தொங்குகிறது. குறியீடு மட்டும் ஒரு தொழிலைக் காத்துவிடாது என்பதற்கு நம் வீட்டு அலமாரியே சான்று.

ஆகவே, வாங்குவோர் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இக்கத்தில் இருபுறமும் ஒரே அழுத்தத்தில் நிறம் இருக்கும். அச்சில் பெரும்பாலும் மறுபுறம் வெளிறியிருக்கும். ஐயம் தீரவில்லையெனில் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிப் பார்க்கலாம். இக்கத் இழையில் நிறம் உள்வரை ஊறியிருக்கும். அச்சிழையில், குறுக்கிழை மறைத்த இடங்களில் சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இழையை உருவக் கடைக்காரர் தயங்கினால், 'அச்சு' அல்லது 'கைத்தறி இக்கத்' என்று விற்பனைச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்கலாம்.