நிறமா, வருமானமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க சர்வகலாசாலைகள் மாணவரைச் சேர்க்கும்போது நிறத்தைக் கணக்கில் கொள்ளலாகாதென்று 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, இனிப் பொருளாதார நிலையே அளவுகோலாக வேண்டும் என்று கூறியிருப்பதை நான் பூரணமாக ஆமோதிக்கிறேன்.

ஹூஸ்டனில் எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கல்வி உதவிப் படிவம் நிரப்ப மாணவருக்குத் துணைபுரியும் ஓய்வுபெற்ற பொறியாளன் நான். சென்ற வாரம், லாரி ஓட்டும் வெள்ளையர் ஒருவரின் மகனும், மருத்துவமனையில் தரை துடைக்கும் கறுப்பினத் தாய் ஒருத்தியின் மகளும் ஒரே மேஜையில் அமர்ந்து, பெற்றோர் வருமானம் என்ற கட்டம் வந்ததும் சற்றே தயங்கி, ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராதபடி இடக்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள்; இரண்டு தொகைக்கும் அதிக வித்தியாசமில்லை. (என் மகனுக்கு அந்தக் கட்டத்தை நிரப்புகையில் எனக்கு இந்தச் சங்கடம் நேர்ந்ததில்லை, அவன் சலுகைக்கு உரியவனும் அல்லன்.)

ஆயினும் சம்பளத்தை மட்டும் பார்ப்பது போதாது. 1930களிலிருந்து பல்லாண்டுகள் கறுப்பர் வசித்த பகுதிகளில் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டு வந்தமையால், சம ஊதியம் பெறும் இரு குடும்பங்களில் ஒன்றுக்குப் பிதுரார்ஜித வீடும் மற்றதற்கு வாடகை ரசீதுமே மிஞ்சியிருப்பது சகஜம். ஆதலின் சொத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிறத்தை வினவாமலே அப்பழைய அநீதியும் கணக்கில் வந்துவிடும். பழைய மாணவரின் பிள்ளைகளுக்குச் சில சர்வகலாசாலைகள் காட்டும் தனிச் சலுகையும் ஒழிய வேண்டும். இவ்வாறே நிறத்தை வினவாமல், ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தினருக்கு அரசு சர்வகலாசாலைகளில் இடமளிக்க டெக்ஸாஸ் 1997இல் இயற்றிய சட்டத்தைப் பற்றித் தாங்கள் ஒரு விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், ஹூஸ்டன்