பிள்ளையின் உயிருக்கு விமானச் சீட்டுதான் வழியா?

புற்றுநோய் கண்ட பிள்ளையை இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுபோக உதவி கேட்டு வரும் வேண்டுகோள்கள் நம் மக்களுக்குப் புதியவை அல்ல. கோயிலில் உண்டியல் வைக்கிறோம். விருந்து நடத்தி டிக்கெட் விற்கிறோம். தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. அம்பாங் பெச்சா, கோலகுபு பாரு தொடங்கி பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வரை உள்ள தோட்டப்புறங்களில் ஏழைக்கு ஏழைதான் முதலில் கை கொடுக்கிறான். அந்த மனத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் உண்டியலைத் தூக்குவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேண்டிய சிகிச்சை உண்மையிலேயே இந்நாட்டில் இல்லையா?

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது. அதில் அதிகமாகக் காணப்படும் வகைக்கு மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து 'மா-ஸ்போர்' என்ற சிகிச்சைத் திட்டத்தை வகுத்தார்கள். மருந்து கொடுத்த பின் உடலில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எலும்பு மஜ்ஜையைச் சோதித்து, அதற்கேற்ப மருந்தின் கடுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் இத்திட்டத்தின் அடிப்படை. 2012-இல் வெளியான முடிவுகளின்படி, இத்திட்டத்தில் சேர்ந்த 556 பிள்ளைகளில் ஆறு ஆண்டு கடந்து உயிரோடு இருப்போர் சுமார் 88 விழுக்காடு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கொடுத்த அதே சிகிச்சையைத்தான் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் கொடுத்தார்கள். நாட்டின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1987-இலேயே அங்கு நடந்துவிட்டது. கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையிலும் பிள்ளைகளின் புற்றுநோய்க்கென நிபுணர்கள் உண்டு.

அப்படியானால் வெளியே போவது எப்போதும் தவறா? இல்லை. பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2018-இல் மூக்குப் புற்றுநோய்க்குப் புரோட்டான் கதிர்ச் சிகிச்சை பெறத் தைவான் சென்றார். அந்த வசதி அப்போது இங்கு இல்லை. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே எடுத்து, மாற்றியமைத்து, நோயை எதிர்க்கத் திருப்பிச் செலுத்தும் ஒரு சிகிச்சைக்கு இந்தியா 2023 அக்டோபரில் அனுமதி கொடுத்தது. அதைப் பம்பாய் ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. வழக்கமான மருந்துக்கு அடங்காத சில இரத்தப் புற்றுநோய்களுக்கு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, அது கொடுக்கப்படுகிறது. ஆகவே போக வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நோயின் தன்மையே. பயமோ, தரகர் பேச்சோ, 'அங்கே போனால் குணமாகும்' என்று யாரோ சொன்னதோ அதை முடிவு செய்யக் கூடாது.

நம் குடும்பங்கள் ஏன் அவசரப்பட்டு வெளியே ஓடுகின்றன? யாரும் அவர்களை உட்கார வைத்து, அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்காததே முதல் காரணம் என்கிறோம். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஐந்து நிமிடத்தில் சொல்லப்படும் நோயின் பெயர், அதைக் கேட்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு மரணச் செய்தியாகவே காதில் விழுகிறது. 'இங்கே ஒன்றும் செய்ய முடியாது போலிருக்கிறது' என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். வேலூரில் தமிழில் பேசுவார்கள், அடையாற்றில் தமிழில் பேசுவார்கள் என்ற ஒரே ஆறுதலுக்காகக் கடல் கடந்து போகிறவர்களும் உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட பெருமைக்குரிய நிலையம்தான். ஆனால் தமிழில் நாலு வார்த்தை கேட்க ஒரு மலேசியக் குடிமகன் விமானம் ஏற வேண்டுமா?

இரண்டாவது காரணம் தூரம். அம்பாங் பெச்சாவிலிருந்து கோலாலம்பூர் அறுபது கிலோமீட்டருக்கு மேல். கோலகுபு பாரு நிலையத்தில் கொமுட்டர் பிடித்து, இறங்கி, இன்னொரு வண்டி பிடித்து மருத்துவமனை போய்ச் சேர வேண்டும். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையோ இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணருக்கு 5 வெள்ளி என்பது உண்மை. ஆனால் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது? வேலைக்குப் போகாத நாளின் சம்பளத்தை யார் தருவது? குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. நாள் சம்பளக்காரர் மாதத்தில் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தால் வீட்டில் என்ன மிஞ்சும்? தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெசரும் போய்விட்ட காலத்தில், நம்மில் பலருக்குக் கோலாலம்பூரே வெளிநாடாகத்தான் இருக்கிறது.

இதன் விளைவு என்ன? பணக்கார நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைகிறார்கள் என்றும், ஏழை, நடுத்தர நாடுகளில் பலவற்றில் 30 விழுக்காடுகூட இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். இரண்டும் நம் தோட்டப்புறத்துக்குப் பொருந்தும். வசூலித்த பணம் முதல் சில மாதங்களிலேயே கரைந்து, பிள்ளை பாதிச் சிகிச்சையோடு திரும்பி வந்தால் நோய் மறுபடி தலைதூக்க வழி பிறக்கிறது. அப்போது இங்குள்ள மருத்துவர் அங்கு என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாமல் தடுமாறுகிறார்.

நோயை முன்கூட்டியே பிடிக்கப் பெற்றோரும் சில அறிகுறிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், உடல் வெளுத்துப் போவது, அடிபடாமலே தோன்றும் நீலத் தழும்பு, எலும்பு வலி, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, கண்மணியில் வெள்ளை ஒளி ஆகியவை அவை. இவை எல்லாம் புற்றுநோய்தான் என்பதில்லை. ஆனாலும் 'சாதாரணக் காய்ச்சல்' என்று மூன்று தடவை மாத்திரை கொடுத்து அனுப்பினால், நான்காவது தடவை இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. திருமணப் பதிவு இல்லாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு, சட்டப்படி தாயின் குடியுரிமையே கணக்கு. தாயிடம் பத்திரம் இல்லையென்றால், தகப்பன் நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடற்றவனாகிறான். அவனுக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் விதிக்கப்படும் அபாயம் உண்டு. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் மலேசியக் கடப்பிதழும் கிடைக்காது. உள்ளேயும் கதவடைப்பு, வெளியேயும் கதவடைப்பு! குடியுரிமைப் போராட்டம் வெறும் காகிதப் போராட்டம் என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மஜ்ஜை மாற்று வேண்டிய பிள்ளைக்கு, உடன்பிறந்த ஒருவருடையது முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். இல்லையென்றால் வெளியே தேட வேண்டும். அதே இனத்தவரிடம் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பே அதிகம். நாட்டின் கொடையாளர் பதிவேடு 2000-இல் தொடங்கப்பட்டது. சென்னையில் 'தாத்ரி' பதிவேடு 2009-இல் தொடங்கியது. நம் இளைஞர்கள் நூறு பேர் பதிந்துகொண்டால், எங்கோ ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வழி பிறக்கலாம். இதற்குச் செலவு இல்லை, துணிவு போதும்.

குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. கிளம்பும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நோயின் சரியான பெயர் என்ன? இங்கு என்ன சிகிச்சை உண்டு? இங்கு இல்லாதது எது? திரும்பி வந்தால் யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? மருத்துவமனையின் சமூகநலப் பிரிவுக்குப் போய், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனு செய்யக் கேளுங்கள். பிள்ளையின் கடும் நோய்க்கு இபிஎப் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கவும் வழி உண்டு. தேசியப் புற்றுநோய் மன்றமான மக்னாவின் உதவியையும், தேசியப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் பிள்ளைகளுக்கான தங்கும் இல்லத்தையும் விசாரியுங்கள்.

அரசாங்கத்திடம் நமது கோரிக்கைகள்:

1. புற்றுநோய் கண்ட பிள்ளையின் பெற்றோருக்கு நோயைப் பற்றித் தமிழில் விளக்க ஏற்பாடு வேண்டும்.

2. தோட்டப்புறத்திலிருந்து வரும் குடும்பத்துக்குப் போக்குவரத்து, தங்குமிடம், துணையிருக்கும் பெற்றோருக்குச் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும்.

3. இந்நாட்டில் இல்லாத சிகிச்சை என்று நிபுணர் குழு உறுதி செய்தால், அரசாங்கமே செலவேற்று அனுப்ப வேண்டும். அதற்கான விதிமுறை எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

4. பத்திரம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையின் சிகிச்சையும் தாமதமாகக் கூடாது.

மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் தோட்ட மக்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பதை இவ்வட்டாரம் அறியும். வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் நாம். புற்றுநோய் கண்ட பிள்ளைக்கு அப்படிக் காத்திருக்க நேரம் இல்லை. இந்தக் கோரிக்கைகளை உங்கள் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோய்ப் பதில் கேளுங்கள்.