பாவம் அந்த கேட் டிரைவர்!

இன்டர்லீவ்டு பிஎஃப்சி போர்டு பண்ணுகிற பைனல் இயர் பசங்களிடம் ஒரு வியாதி இருக்கிறது. காயில் 'கீச்'சென்று கத்தினால், ஒரு மாஸ்ஃபெட் மட்டும் சுட்டால், இன்புட் கரண்ட் அலை நடுவில் பிசிறடித்தால், உடனே தீர்ப்பு: "கேட் சிங்க் ஆகலைடா." டிரைவர் ஐசியை மாற்றுவார்கள். அப்புறம் மாஸ்ஃபெட்டை. அதுவும் வெடித்தால் மதுரைக்கு பஸ் ஏறி இன்னும் நாலு வாங்கி வருவார்கள். ரிவ்யூ நெருங்கியதும் போர்டை அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, சிமுலிங்க்கில் வந்த அழகான படத்தை ரிப்போர்ட்டில் ஒட்டிவிடுவார்கள். சுபம்!

சிமுலேஷனில் எல்லா கேட்டும் சிங்க் ஆகத்தான் செய்யும். அங்கே ஒயருக்கு இண்டக்டன்ஸ் கிடையாது, தரைக்கு அதிர்ச்சி கிடையாது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பையன்களுக்கு பவர் பேக்டர் ஒன்றும் புது வார்த்தை இல்லை. 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஆரம்பித்ததிலிருந்து நூற்பாலையோடு வளர்ந்த ஊர் அது. ஹெச்டி இணைப்பில் பவர் பேக்டர் 0.90க்குக் கீழே போனால் மின்வாரியம் கூடுதல் கட்டணம் தீட்டிவிடும் என்பது மில் எலக்ட்ரீஷியனுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவருடைய மருந்து கபாசிட்டர் பேங்க். மோட்டாரில் கரண்ட் பின்தங்குகிறது, கபாசிட்டர் அதைச் சரி செய்கிறது. கணக்கு முடிந்தது.

ஆனால் டையோடு பிரிட்ஜும் பெரிய கபாசிட்டரும் வைத்த பவர் சப்ளையில் கரண்ட் பின்தங்குவதில்லை. அலையின் உச்சியில் மட்டும் ஊசி ஊசியாக இழுக்கிறது. இதற்குக் கபாசிட்டர் பேங்க் உதவாது. ஹார்மோனிக்ஸோடு சேர்ந்து அதுவே சூடேறும். அதனால்தான் பூஸ்ட் கன்வெர்ட்டர் வைத்து, கரண்ட்டை வோல்டேஜின் வடிவத்துக்கே வளைக்கிறார்கள். இரண்டும் ஒரே பெயரில் இருப்பதால் வைவாவில் இதையும் அதையும் குழப்பியடிக்கும் கோஷ்டி தனி. அதை விடுங்கள்.

இன்டர்லீவிங் என்பது என்ன? ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் மாதிரி எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்பது அல்ல. ஒருவர் தூக்கும்போது மற்றவர் இறக்க வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10 மைக்ரோ செகண்ட். இரண்டாவது கேட் சரியாக 5 மைக்ரோ செகண்ட் கழித்து வர வேண்டும். அப்போது இரண்டு காயில்களின் ரிப்பிளும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கும் டிரைவரைப் பார்ப்போம். ஒரு டிரைவர் மற்றதைவிட 100 நானோ செகண்ட் தாமதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். (நல்ல ஐசியில் இவ்வளவு இருக்காது.) அது வெறும் 3.6 டிகிரி. டியூட்டி பாதியாக இருக்கும்போது இதனால் மிஞ்சும் ரிப்பிள், ஒரு காயிலின் ரிப்பிளில் 4 சதவீதம்தான். ஆனால் கையால் சுற்றிய இரண்டு காயில்களில் 10 சதவீத வித்தியாசம் இருந்தால், கேட் இரண்டும் கனகச்சிதமாக இருந்தாலும் 10 சதவீதம் மிஞ்சும். இரண்டரை மடங்கு! டிரைவரை மாற்றியவர்களில் எத்தனை பேர் எல்சிஆர் மீட்டரைத் தொட்டார்கள்?

உண்மையான கோளாறு எங்கே என்று கேட்பதற்கு முன்னால் *எப்போது* என்று கேட்க வேண்டும். அவுட்புட் 400 வோல்ட் என்றால், இன்புட் 200 வோல்ட்டைத் தொடும் கணத்தில் டியூட்டி பாதி. 230 வோல்ட் சப்ளையில் அது பூஜ்யத்தைக் கடந்து சுமார் 2.1 மில்லி செகண்டில் வரும், இறங்கும்போது இன்னொரு தடவை. அந்த இடத்தில் மொத்த ரிப்பிள் கிட்டத்தட்ட காணாமல் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தொல்லையும் அங்கேதான் பிறக்கிறது. ஒரு மாஸ்ஃபெட் அணையும் அதே நொடியில் மற்றது எரிகிறது. முதலாவதின் சத்தம் இரண்டாவதின் கரண்ட் சென்ஸில் நுழைந்து பல்ஸைக் கெடுக்கிறது. இரண்டு கேட்டுக்கும் பொதுவான தரைப்பாதை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். 10 நானோஹென்றி உள்ள செப்புத் தடத்தில் 20 நானோ செகண்டில் 10 ஆம்பியர் மாறினால் 5 வோல்ட் எழும்பும். 3, 4 வோல்ட்டிலேயே விழித்துக்கொள்ளும் மாஸ்ஃபெட்டுக்கு இது போதாதா?

பிசிறு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஆள் வேறு. அங்கே டியூட்டி ஒன்றை நெருங்கும், ஆஃப் நேரம் சுருங்கும், கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் ரீசெட் ஆக நேரம் கிடைக்காது. அது நிறைந்துவிட்டால் கரண்ட்டைக் குறைத்துச் சொல்லும். கன்ட்ரோலரும் நம்பி அந்தப் பக்கம் பல்ஸை நீட்டும். சுடுகிற மாஸ்ஃபெட் எது என்று இப்போது தெரிகிறதா?

ஸ்கோப்பில் பார்க்கிற வரிசையும் தலைகீழ். நேராக கேட்டில் போய்ப் பிடிக்கிறார்கள். முதலில் கன்ட்ரோலரின் இரண்டு அவுட்புட் காலையும் பாருங்கள். அங்கேயே ஆடினால் டிரைவர் நிரபராதி. அங்கே சரியாக இருந்து கேட்டில் ஆடினால்தான் விசாரணை. யுசிசி28070 மாதிரி நிலையான அதிர்வெண் சிப்புக்கு வெளியிலிருந்து கிளாக் கொடுப்பவர்கள், ஒரு கட்டத்தின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்று டேட்டாஷீட் சொல்வதையும் படித்துத் தொலைக்கலாம். யுசிசி28060 மாதிரி டிரான்சிஷன் மோடு சிப்பில் நிலையான கிளாக்கே கிடையாது. அதில் அதிர்வெண் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அது கோளாறும் இல்லை.

கடைசியாக, சிரிக்க முடியாத விஷயம். பிஎஃப்சி போர்டின் 'தரை' என்பது பிரிட்ஜின் நெகட்டிவ். அது எர்த் அல்ல. ஸ்கோப் புரோபின் கிளிப்பை அங்கே மாட்டினால் பிரிட்ஜ் வெடிக்கும். இதற்குப் பல லேப்களில் பரம்பரையாகச் சொல்லித் தரும் வைத்தியம், ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது! அதற்கப்புறம் ஸ்கோப்பின் உடம்பு முழுக்க மெயின்ஸ் வோல்டேஜ். பட்டனைத் தொடுபவன் இரும்பு மேஜையிலும் கை வைத்திருந்தால்? ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, டிஃபரன்ஷியல் புரோப் இருக்கிறது. விலை அதிகம் என்று முனகும் துறைத் தலைவர்கள், 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் 400 வோல்ட்டில் 37.6 ஜூல் வைத்திருக்கிறது என்பதையும், ஸ்விட்சை அணைத்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது என்பதையும் கொட்டேஷன் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடட்டும்.