'ஏன் எனக்கு?' - சக்கர நாற்காலியில் வந்த வேலூர் டாக்டர்

மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி-யில் படித்து அங்கேயே பணியாற்றிவந்த இளம் டாக்டர். கொச்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு சுற்றுலா போன இடத்தில் வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

இப்படிப் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போகும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'எல்லாம் தேவ சித்தம்', 'கர்த்தர் காரணமில்லாமல் செய்ய மாட்டார்'. போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பில் பூ படத்தோடு ஒரு வசனம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவர் படுத்திருப்பவர்தான், பார்க்கப் போனவர் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

பைபிளும் அப்படித்தான் சொல்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் வினை. யோவான் சுவிசேஷத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, 'இது யார் செய்த பாவம்?' என்று சீடர்கள் கேட்கிறார்கள். அவரும் இல்லை, பெற்றோரும் இல்லை என்கிறார் இயேசு. அதோடு நிற்கவில்லை. அந்த மனிதருக்குப் பார்வை கொடுக்கும் வேலையில் இறங்குகிறார்.

மேரிக்கும் ஒரு வேலைதான் வந்தது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்துவதில் பெயர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் இருந்தார். மேரியிடம் அவர் எடுத்துச் சொன்னது மிக எளிமையான விஷயம். கைக்கான அறுவை சிகிச்சையை டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டுதான் செய்வார்கள். அதற்குக் கால்கள் எதற்கு?

தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடும். நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்துத் திருப்பி, விரலோடு இணைக்க வேண்டும். நுணுக்கமான வேலை. மேரி அதைக் கற்றுக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்தார். ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த நோயாளிகளுக்கு எதிரே, நடக்க முடியாத, முகத்தில் தழும்புள்ள ஒரு டாக்டர்! ஆறுதல் வார்த்தையே தேவைப்பட்டிருக்காது.

அதன்பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மறுவாழ்வு சிகிச்சை பெற்றார்; பின்னர் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பிவந்து சி.எம்.சி-யில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. டோரதி கிளார்க் வில்சன் எழுதிய இவரது வாழ்க்கைக் கதையின் பெயர் 'டேக் மை ஹேண்ட்ஸ்', அதாவது 'என் கைகளை எடுத்துக்கொள்ளும்'. கால்கள் போன ஒருவர் கடவுளிடம் மீதமிருந்ததைக் கொடுத்த கதை.

விபத்து நல்லதற்குத்தான் நடந்தது என்று இதைப் படித்துவிட்டு யாராவது சொன்னால், எனக்கு உடன்பாடில்லை. விபத்து விபத்துதான். மேரியின் கால்கள் கடைசிவரை திரும்பவில்லை; 1986-ல் இறக்கும்வரை 32 ஆண்டுகள் அந்த உடலோடுதான் வாழ்ந்தார்.

பாகாயம் மையத்தில் இன்றும் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாங்களே மாறப் பழகுகிறார்கள்.