தூக்கி எறிவதுதான் சுத்தமா?



"எல்லாமே யூஸ் அண்ட் த்ரோவா இருந்தாத்தான் நல்ல ஆஸ்பத்திரி" என்று நம்மில் படித்தவர்களே சொல்கிறீர்கள். அப்பா அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றால் முதலில் விசாரிப்பதே இதைத்தான். இலவச முகாம் என்றால் முகம் சுளிப்பு வேறு. இந்த எண்ணம் தவறு. கணக்கோடு சொல்கிறேன்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே துணி அங்கிகளைத் துவைத்து, நீராவியில் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்துகிறார்கள். எஃகுக் கருவிகளும் அப்படியே. அதன் புதுச்சேரி மருத்துவமனையைப் பற்றி 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. மெஷின் வைத்துச் செய்யும் ஒரு கண்புரை ஆபரேஷனில் சேரும் குப்பை சுமார் 250 கிராம்தான். கரியமில வாயுக் கணக்கு சுமார் 6 கிலோ. இதே ஆபரேஷனுக்கு பிரிட்டனில் ஆவதில் இது 5 சதவீதம்!

"அப்போ கிருமி?" என்பீர்கள். அரவிந்தில் நடந்த சுமார் 6 லட்சம் ஆபரேஷன்களை ஆராய்ந்த கட்டுரையும் 2017-இல் வந்தது. முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தியபோது 10,000 கண்களில் 2-இல்தான் கடும் தொற்று; செலுத்தாதபோது 7. தொற்றைக் குறைத்தது கூடுதல் பிளாஸ்டிக் அல்ல, ஒரு துளி மருந்து.

இன்னொன்று. மெஷின் இல்லாமல், சிறு கீறலில் கையாலேயே புரையை எடுக்கும் முறையும் உண்டு. மெஷினுக்கான குழாய், உறை எதுவும் அதற்குத் தேவையில்லை. நேபாளத்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வில், இரண்டிலுமே பார்வை நன்றாக வந்தது. "பழைய முறை" என்று அதை ஒதுக்குவது அறியாமை.

ஊசியும் சிரிஞ்சும் ஒருவருக்கு ஒன்றுதான்; அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நான் பேசுவது துவைக்கக்கூடிய துணியை, கொதிநீராவி தாங்கும் எஃகை.

தூக்கி எறிந்தது எங்கே போகிறது? மஞ்சள் பையில் போட்டது எரியூட்டும் ஆலைக்கு. அது யாரோ ஒரு ஊர்க்காரர் வீட்டு வாசலில்தான் புகைகிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வாழ்கிறவர்களுக்குப் புகையைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டுமா?

இனி ஆஸ்பத்திரியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்படிக் கிருமி நீக்குகிறீர்கள்? எத்தனை பேருக்குத் தொற்று வந்தது? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நர்ஸாக, டாக்டராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்: உங்கள் தியேட்டரில் ஒரு ஆபரேஷனுக்கு எத்தனை கிலோ குப்பை? எடை போட்டுக் கீழே எழுதுங்கள். திருத்தி மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
ஊத்துக்கோட்டை.